எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுகிற டீச்சர்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு முகத்துக்கு நேரே பெயர் டீச்சர். முதுகுக்குப் பின்னால் ஹாஃப் கிளட்ச். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து அதிகம் வருகிற சொல் அதுதான். "ஹாஃப் கிளட்ச்... ஹாஃப்னு சொன்னேன்... அது ஃபுல் கிளட்ச், அது உங்க வீட்டுக் கிளட்ச், நான் கேட்டது ஹாஃப்!" இதை அவள் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டத் தெரியாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. எதிர்ச் செருப்புக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அச்சு அசலாகச் சொல்லுவார். டீச்சர் வண்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் உடனே செருப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அவளுக்கு இன்னொரு புகழும் உண்டு. எதையும் ஒரே நாளில் விட்டுவிடுவாள். ஒரு நாள் காலையில் காபி டம்ளரைத் தள்ளி வைத்து "இனிமே வேணாம்" என்றாள். அத்தோடு காபி போயிற்று. சர்க்கரை அப்படித்தான் போயிற்று. தலைக்கு டை அடிப்பது அப்படித்தான் போயிற்று. கூடப் படித்த ஒருத்தியோடு பேச்சு வார்த்தையும் அப்படித்தான். அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நண்பர்களிடம் சொல்லுவார்: "என்னை மட்டும்தான் இன்னும் விடல. எந்தக் காலைல விடுவாளோன்னு பல் தேய்க்கும்போதெல்லாம் திக்குதிக்குனு இருக்கு."

அவள் விட நினைத்தும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. தோல்.

பல வருஷமாக முழங்கையிலும் தலைமுடிக்குள்ளும் சிவந்த வட்டங்கள். மேலே வெள்ளையாகச் செதில். சோரியாசிஸ் என்று சொல்லி ஒரு டாக்டர் களிம்பு கொடுத்திருந்தார். டீச்சர் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் டாஷ்போர்டு துடைக்கிற பிரஷ்ஷால் தன் கறுப்பு சீட்டை ஒரு தட்டுத் தட்டி, உதிர்ந்ததைக் கீழே தள்ளிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். பார்த்தால் சுத்தக்காரி என்று தோன்றும். அவளுக்குத்தான் தெரியும் ஏன் என்று.

கணவரின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். டீச்சருக்கு அண்ணி. சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. பஞ்சுத் தூசியில் அண்ணிக்கு மூச்சிரைப்பு. அதற்கு கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே மாத்திரை என்பது தனி ஆளின் சொத்து அல்ல. எல்லாம் ஒரே பிஸ்கெட் டப்பாவில் கிடக்கும். யாருக்கு என்ன வந்தாலும் டப்பாவைத் திறந்து, எது பொருத்தமாகத் தெரிகிறதோ அதைப் போட்டுக்கொள்வார்கள். அக்காவின் கண் சொட்டு மருந்தைத் தம்பி காதில் விட்டுக்கொண்டு, "இப்ப நல்லா கேக்குதுக்கா" என்று சொன்ன வீடு அது.

அண்ணிக்கு டீச்சர் என்றால் உயிர். ஒரு நாள் டீச்சர் முழங்கையைச் சொரிந்து ரத்தம் வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு மூச்சு முட்டும்போது இதுல ஒண்ணு போட்டா உள்ள எல்லாம் அடங்கிடுது. உள்ள அடங்கினா வெளிய அடங்காதா? போட்டுப் பாருடி."

போட்டுப் பார்த்தாள். அடங்கிற்று. அடங்கிற்று என்றால் சாதாரணமாக இல்லை, முழங்கை குழந்தையின் முழங்கை மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் அரைக்கைச் சட்டை வாங்கினாள். பிரஷ் டாஷ்போர்டை மட்டும் துடைத்தது. மாதக் கணக்கில் இப்படியே ஓடியது. "என் தம்பிக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவான். யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்று அண்ணி சத்தியம் வாங்கியிருந்தாள்.

அப்புறம் முகம் வீங்க ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் உப்பி, கண் சின்னதாகி, "டீச்சர், உங்க கன்னம் சைடு கண்ணாடியை மறைக்குது" என்று ஒரு கல்லூரிப் பையன் சொல்லிவிட்டான். அன்று வீட்டுக்கு வந்து, இது மாத்திரையின் வேலைதான் என்று நேரே டப்பாவைப் பார்த்தாள். மறுநாள் காலை அண்ணி மாத்திரையை நீட்டினபோது, "இனிமே வேணாம்" என்றாள். காபியைச் சொன்ன அதே குரலில்.

சில நாள்தான் ஆகியிருக்கும்.

அன்று வண்டியில் இருந்தது சலூன்காரர். ஊரே கழுத்தை நம்பிக் கொடுக்கிற கை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் வெடவெடக்கும். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. "மூணாவது கியர்ங்கிறது ஒரு பொறுப்பு டீச்சர். நான் குடும்பஸ்தன்," என்பார்.

காலையிலிருந்தே டீச்சருக்கு உடம்பு எரிந்தது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணி பட்டாலே சூடு வைத்த மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். சிக்னலில் வண்டி நின்றபோது கையைப் பார்த்தாள். முன்கை முழுக்கச் சிவந்து கிடந்தது. அந்தச் சிவப்பின் மேல், கடுகைவிடச் சின்னதாக, வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சீழ். காலையில் குளிக்கும்போது அங்கே ஒன்றுகூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளிர் வந்து பல் கிட்டியது.

"டீச்சர், பச்சை விழுந்துடுச்சு. லெஃப்ட் எடுக்கவா?"

"வேணாம். நேரா போங்க."

"நம்ம ரூட்டு லெஃப்ட்தானே?"

"இன்னிக்கு ரூட்டு ஆஸ்பத்திரி."

"யாருக்கு?"

"எனக்கு."

சலூன்காரர் திரும்பி அவள் கையைப் பார்த்தார். "ஐயோ!" என்றார். வண்டியும் ஐயோ என்று ஓரமாகப் போயிற்று. டீச்சர் தன் காலடியில் இருந்த தனி பிரேக்கை மிதித்தாள்.

"ரோட்டைப் பாருங்க சார்! என்னைப் பாத்து என்ன பண்ணப் போறீங்க, ஷேவிங்கா?"

"ஆட்டோ பிடிக்கலாம் டீச்சர்..."

"இறங்கி நிக்க எனக்குக் காலுல தெம்பு இல்ல. நீங்கதான் ஓட்டப் போறீங்க. ஹாஃப் கிளட்ச். விடுங்க. மெதுவா. இப்ப மூணு போடுங்க."

"டீச்சர், நான் வந்து..."

"குடும்பஸ்தன். தெரியும். நானும் குடும்பஸ்திதான். போடுங்க மூணு!"

போட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாரோ என்று டீச்சருக்குக் கடைசி வரை சந்தேகம். உடம்பு உதறிக்கொண்டிருந்தாலும் அவள் கால் மட்டும் பிரேக் மேல் ஆடாமல் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். "ஹாண்ட் பிரேக்" என்று சொல்லிவிட்டுத்தான் டீச்சர் மயங்கினாள்.

காய்ச்சல் வார்டு டாக்டருக்கு வெண்கலக் குரல். எதையும் மூன்று தடவை சொல்லுவார். "சரி சரி சரி. இன்ஃபெக்‌ஷன். சீழ் இருக்கு, காய்ச்சல் கொதிக்குது, ரத்தத்துல வெள்ளை அணு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இன்ஃபெக்‌ஷன் இன்ஃபெக்‌ஷன் இன்ஃபெக்‌ஷன்." அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மூன்றும் சேர்ந்து வந்தால் யாரும் அதைத்தான் சொல்லுவார்கள். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாள். பொய் இல்லை. சாப்பிடுவதை விட்டுவிட்டாளே.

தனி அறையில் போட்டு, கிருமியைக் கொல்கிற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். கட்டில் பக்கத்தில் வந்து நின்ற நர்ஸ் அவளையே பார்த்துச் சிரித்தாள்.

"என்னைத் தெரியுதா டீச்சர்? ரிவர்ஸ்ல போய்க் காய்கறி வண்டியை இடிச்சேனே."

டீச்சர் எரிகிற கண்ணைத் திறந்தாள். "மறக்க முடியுமா? தக்காளி என் மடியில வந்து விழுந்துச்சு."

"அப்ப நீங்க சொன்னதை நான் கேட்டேன். இப்ப நான் சொல்றதை நீங்க கேக்கணும். கையைத் தூக்குங்க. மெதுவா. மெதுவானு சொன்னேன்... அது வேகம், அது உங்க வீட்டு மெதுவா, நான் கேட்டது ஆஸ்பத்திரி மெதுவா!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதட்டோரம் வெடித்தது. அதனால் மூக்கால் சிரித்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் சிரிக்க ஒன்றும் இல்லை. கொப்புளங்கள் ஒன்றோடொன்று கலந்து சின்னச் சின்னக் குட்டையாயின. அவை காய்ந்து, தோல் தாள் தாளாக உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் மறுபடி சிவப்பு, மறுபடி புதிய கொப்புளம். படுக்கை விரிப்பு முதுகில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். உடம்பிலிருந்த நீரும் சத்தும் தோல் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. காய்ச்சல் இறங்குகிற மாதிரி இறங்கி மறுபடி ஏறியது.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி பார்க்க வந்தார். உள்ளே வரவில்லை. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு கதவிலேயே நின்றார்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர், என்ன நான் சொல்றது. வண்டியில சீட் கவர் எல்லாம் மாத்தியாச்சு, என்ன நான் சொல்றது. நீங்க வந்ததும் உள்ள ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலை பாருங்க. ஜம்முனு ஃபேனுக்குக் கீழ."

"என் சீட்டு சார்?"

"அதான் போன் பக்கத்துல நல்ல சீட்டு..."

"வண்டியில இருக்கிற சீட்டு."

"நாலு பேரு வந்து உக்கார்ற வண்டி. ஒட்டிக்கிற சமாச்சாரம்னு நாலு பேரு பேசறாங்க. என்ன நான் சொல்றது?"

அவர் போன பிறகு டீச்சர் ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்த சீட் அவளுடையது. அந்தத் தெருவில் ஓட்டக் கற்ற பாதிப் பேர் அவள் காலடி பிரேக்கை நம்பித்தான் முதல் தடவை ரோட்டில் இறங்கினார்கள். "நான் அங்கதான் போய் உக்காருவேன்," என்று சத்தமாகச் சொன்னாள். அறையில் டிரிப் ஸ்டாண்டைத் தவிர யாரும் இல்லை. அதனிடம் சொன்னாள்.

சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு கிருமியும் வளரவில்லை என்று பதில் வந்தது. மறுபடி எடுத்து அனுப்பினார்கள். மறுபடியும் இல்லை. இன்னும் பலமான மருந்தாக மாற்றிப் பார்த்தார்கள். காய்ச்சல் அசையவில்லை. வெண்கலக் குரல் டாக்டர் கட்டிலருகில் நின்று யோசித்துவிட்டு, "எனக்குப் புரியல" என்றார். இதை மட்டும் அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்கே தோல் டாக்டரை வரவழைத்தார்.

தோல் டாக்டர் ஒரு பெண். இவருக்குக் குரலே இல்லை என்று சொல்லலாம். பேசினால் பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். வந்தவர் கொப்புளத்தை முதலில் பார்க்கவே இல்லை. விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். தலைமுடியை வகிர்ந்து பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"நகத்துல ஊசியால குத்தின மாதிரிக் குழிகுழியா இருக்கே. ரொம்ப நாளாவா?"

"ஆமா டாக்டர்."

"முழங்கையில, தலையில செதில் இருந்ததா?"

"பல வருஷமா இருந்துச்சு. சோரியாசிஸ்னு சொன்னாங்க. இப்ப கொஞ்ச நாளா இல்ல."

"கொஞ்ச நாளா இல்ல," என்று டாக்டர் தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு கணவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "இது தொத்து வியாதி இல்லன்னுதான் நினைக்கிறேன். சோரியாசிஸ்லயே ரொம்ப அபூர்வமா, ரொம்பக் கடுமையா வர்ற ஒரு வகை இருக்கு. உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளம் வரும். ஆனா அந்தச் சீழ்ல கிருமியே இருக்காது. உங்க ரத்தத்துல இருக்கிற காவல்காரங்க, திருடனே இல்லாத தெருவுல தடியைத் தூக்கிட்டு ஓடறாங்க. வீட்டுக்காரங்களுக்குத்தான் அடி விழுது."

"விசில் அடிச்சது யாரு டாக்டர்?" என்றார் கணவர்.

"நல்ல கேள்வி. நானும் அதைத்தான் தேடறேன்." டாக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். "சில சமயம் காரணமே இல்லாம வரும். சில சமயம் காரணம் இருக்கும். புதுசா என்ன சாப்பிட்டீங்கன்னு நான் கேக்கல. எதையாவது திடீர்னு நிறுத்தினீங்களா?"

கணவர் சிரித்துவிட்டார். "இவ நிறுத்தாததைக் கேளுங்க டாக்டர், சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கிற கை நின்றுவிட்டது. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். ஒண்ணும் இல்ல."

டாக்டர் அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டு, கையிலிருந்து துளித் தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டுப் போனார்.

மத்தியானம் எங்கோ ஒரு லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்து கணவர் ஓடினார். அண்ணி எழுந்து கதவைச் சாத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர்.

"இந்தா, சீக்கிரம் போட்டுக்கோ."

"அண்ணி..."

"நீ விட்டதாலதான் எல்லாம். நான் அப்பவே சொன்னேன். போட்டா நாளைக்கே அடங்கிடும். நீ பாட்டுக்கு எழுந்து வந்து உன் சீட்டுல உக்காரு. அந்த ஆளு போன் எடுன்னு சொல்றானாமே, போனு!"

"அதைத்தானே அந்த டாக்டர் கேட்டாங்க."

"கேக்கறது அவங்க வேலை. சொல்லாம இருக்கிறது நம்ம வேலை. வாயைத் திற."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணிக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். டீச்சர் அதைக் கவனித்தாள். ஒரு படிகூட ஏறாமல், நின்ற இடத்தில் நின்றபடி இந்தச் சத்தமா?

"அண்ணி, இன்னிக்கு நீங்க போட்டீங்களா?"

"எனக்கு என்ன, நான் சமாளிச்சுக்குவேன்."

"நேத்து?"

அண்ணி தண்ணீர் டம்ளரை இன்னும் பக்கத்தில் நீட்டினாள். டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவில் மாத்திரை தானாக விளையவில்லை. இத்தனை மாதமாக அண்ணி தன் பங்கில்தான் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாள். அண்ணியின் மூச்சில் பாதியை எடுத்து இவள் தோலில் பூசிக்கொண்டு, அரைக்கைச் சட்டை போட்டு உலாத்தியிருக்கிறாள்.

மாத்திரை உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். எரிச்சல் அடங்கும், காய்ச்சல் அடங்கும், சீட் கிடைக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. அந்த எரிச்சலில் கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஆசை என்று புரியும். டீச்சர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, உரிந்துகொண்டிருந்த கையை நீட்டி, தலைமாட்டில் இருந்த பெல்லை அழுத்தினாள். அழுத்தின கையை எடுக்கவே இல்லை.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்ன டீச்சர், ஹார்ன்ல கை மாட்டிக்கிச்சா?"

"அந்த சின்னக் குரல் டாக்டரைக் கூப்பிடு. இப்பவே."

அண்ணி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "என்னடி பண்ற? எனக்கு சத்தியம் பண்ணியே!"

"பண்ணேன் அண்ணி. இப்ப உடைக்கப் போறேன்."

"உன் நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்!"

"நல்லதுக்குத்தான். அதையும் சேத்தே சொல்றேன். கையைத் திறங்க."

டாக்டர் வந்ததும் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, முழங்கை, கன்னம், ஒரே நாளில் விட்டது, எல்லாம். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். டாக்டர் அண்ணியின் உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை. "உங்க மூச்சுச் சத்தம் எனக்கு வராந்தாவுல கேட்டுச்சும்மா. எவ்வளவு நாளா அளவைக் குறைச்சீங்க?" என்றார். அவ்வளவுதான். அண்ணி உடைந்துவிட்டாள். அழுகையும் இரைப்பும் சேர்ந்து வர, நர்ஸ் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கிலும் வாயிலும் மருந்துப் புகை வருகிற மாஸ்க்கை மாட்டினாள். அந்தக் குடும்பத்துச் சரித்திரத்தில் அண்ணி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இது ஸ்டீராய்டு," என்றார் டாக்டர். "நம்ம உடம்பே சுரக்கிற சமாச்சாரம்தான். வெளிய இருந்து மாசக் கணக்கா கொடுத்தா, உள்ள இருக்கிற கடையைச் சாத்திட்டுப் போயிடும். படிப்படியா குறைச்சாத்தான் மறுபடி திறக்கும். உங்க மாதிரி சோரியாசிஸ் இருக்கிறவங்க இதைச் சட்டுனு நிறுத்தினா இப்படி வெடிக்கலாம். நீங்க டிரைவிங் டீச்சராமே? ஓடற வண்டியில கிளட்ச்சை டப்புனு விட்டா என்ன ஆகும்?"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். "எகிறும்."

"நான் எகிறியிருக்கேன்," என்றாள் நர்ஸ்.

"இப்ப மறுபடி போட்டா அடங்கிடுமா டாக்டர்?" கேட்கவே கூடாது என்று நினைத்ததை டீச்சர் கேட்டுவிட்டாள்.

"கொஞ்சம் அடங்கும். ஆனா குறைக்கும்போதெல்லாம் திரும்பி வரும், இன்னும் மோசமாக்கூட வரும். வேற வழி இருக்கு. அதுக்கு நாளாகும். கஷ்டமும் இருக்கும். என்ன பண்ணலாம்?"

"கஷ்டமான வழியே போலாம்."

சாயங்காலம் கணவருக்குத் தெரிந்தது. வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன், எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் சேந்து மருந்துக்கடை நடத்தியிருக்கீங்க!" அண்ணி மாஸ்க்கைக் கழற்றி, "என் கண் மருந்தைக் காதுல விட்டவன்தானே நீ," என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். அதற்கு மேல் அவரால் குதிக்க முடியவில்லை. ஆனால் அதுதான் அண்ணி அன்று கடைசியாகப் பேசியது. வீட்டுக்குப் போகும்போது டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வரவும் இல்லை.

தோல் சோதனை முடிவு டாக்டர் சந்தேகப்பட்டதையே சொன்னது. மேல் தோலுக்குள் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக. கிருமி எங்கும் இல்லை. கிருமி மருந்தை நிறுத்தினார்கள். உடம்பின் சொந்தச் சுரப்பு எந்த அளவில் இருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்து, அது மந்தமாக இருந்தாலும் எழுந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, காவல்காரர்களை அடக்குகிற வேறொரு கேப்ஸ்யூலை ஆரம்பித்தார்கள். அதற்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும். ஊசி குத்த நல்ல தோல் இருக்கிற இடத்தைத் தேடுவதே பெரிய வேலை. "பார்க்கிங்குக்கு இடம் தேடற மாதிரி இருக்கு டீச்சர்," என்பாள் நர்ஸ்.

குணமாகிற வேலையில் டீச்சர் ஒற்றைக் காலில் நின்றாள். ஈரத் துணி போர்த்தும்போது பல்லைக் கடித்தாள். உடம்பு முழுக்க மெழுகுக் களிம்பு தடவும்போது, ஒரு இடம் விட்டுப்போனாலும் "இங்க பாக்கி" என்று காட்டினாள். முட்டையும் பாலும் வேண்டாம் என்று நாக்கு சொன்னாலும் விழுங்கினாள். படுத்தபடியே வலது காலால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை மிதித்து மிதித்து விட்டாள். நர்ஸ் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் போறோம்?" என்றாள். "இப்பத்தான் வண்டியை எடுத்திருக்கேன்," என்றாள் டீச்சர்.

முதலில் காய்ச்சல் இறங்கியது. இறங்கினது மறுபடி ஏறவில்லை. பிறகு புதிய கொப்புளங்கள் குறைந்தன. நர்ஸ் தினமும் காலையில் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, கை, வயிறு, தொடை என்று அங்குலம் அங்குலமாகத் தேடுவாள். ஒரு நாள் தேடிவிட்டு, நிமிர்ந்து, மறுபடி முதலிலிருந்து தேடினாள். பிறகு, "இல்ல," என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஜலதோஷம்," என்றாள்.

"இந்தக் கேப்ஸ்யூலை எப்ப விடலாம்?" என்று டீச்சர் டாக்டரைக் கேட்டாள்.

"அதை நான் சொல்றேன். மாசக் கணக்காகும். இடையில எங்கயாவது சிவப்பா ஒரு துண்டு தெரிஞ்சாலும் மறைக்காம அன்னிக்கே வரணும். இது திரும்பி வரக்கூடிய வியாதி. வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"வந்தா?"

"வந்தா மறுபடி சண்டை போடுவோம். புதுசா ஒரு ஊசி வந்திருக்கு, அந்த விசில் சத்தமே காவல்காரங்க காதுல விழாம பண்ற மருந்து. தேவைப்பட்டா அதையும் வரவழைப்போம்."

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அண்ணி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. "நல்லா இருக்கியா" என்று கேட்கவில்லை. பையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். டீச்சர் பிரித்தாள். மெல்லிய பருத்தியில் தொளதொளவென்று சட்டைகள். எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தையல் மடிப்பு, ஓரம், நூல் முடிச்சு எல்லாம் வெளிப்பக்கம் இருந்தன. உள்பக்கம் ஒரு முடிச்சுகூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

"புதுத் தோல்ல தையல் உரசினா காயம் ஆகும்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க," என்றாள் அண்ணி ஜன்னலிடம்.

"அவங்களை எங்க பாத்தீங்க?"

"என் மூச்சுக்கு நல்ல டாக்டர் ஒருத்தரைச் சொன்னாங்க. போய்ட்டு வர்ற வழியில கேட்டேன். இப்ப முழுசாத்தான் போடறேன், நீ என்னைப் பாக்காதே."

"நான் பாக்கல அண்ணி."

"பாக்கறே. எனக்குத் தெரியும்."

டீச்சர் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். கட்டிப்பிடிக்க முடியாது, தோல் தாங்காது. அதனால் இரண்டு பேரும் தோளுக்குத் தோள் படாமல் நின்று, கீழே ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் ஒருவன் காரைக் குறுக்கே நிறுத்தித் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் சரி என்று சொன்ன நாளில் டீச்சர் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். கை இன்னும் ரோஜா நிறத்தில் இருந்தது. அங்கங்கே பொடியாக உரிந்துகொண்டிருந்தது. வாசலில் பாடத்துக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து, இன்னும் கொஞ்சம் பின்னால் போனார்.

"வாங்க டீச்சர். போன் அங்க இருக்கு, என்ன நான் சொல்றது."

"வண்டிச் சாவி சார்."

"பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. பாடத்துக்கு வர்றவங்க பயப்படுவாங்க. ஒட்டிக்கும்னு..."

டீச்சர் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். இத்தனை வருஷம் பிரஷ்ஷால் தட்டித் தட்டி மறைத்ததை, கையை நீட்டிக் காட்டினாள். "இது சோரியாசிஸ். உடம்பு முழுக்க வந்துச்சு, சாகக் கிடந்தேன். தொட்டா ஒட்டாது, பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. என் வீட்டுக்காரர் பக்கத்துல படுத்திருக்காரு, அவருக்கு ஒட்டல. என் வாய்கூட அவருக்கு ஒட்டல. எங்கூட வண்டியில வர இஷ்டம் இல்லாதவங்க இப்பவே சொல்லிடுங்க, வேற டீச்சர்கிட்ட போகலாம். எனக்கு வருத்தம் இல்ல."

வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், முகமே தெரியாது. "எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி டீச்சர். பேசிட்டே இருந்தா என் கிளாஸ் போயிடும். போலாமா?"

முதலாளி அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் தள்ளினார். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எனக்கு என்ன பயம்? நான் பயந்தேனா? என்ன நான் சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு தடவை குலுக்கியது போதாதென்று மறுபடி மறுபடி குலுக்கினார்.

"சார்... சார், போதும். விடுங்க. தோல் புதுசு."

அவர் சட்டென்று கையை விட்டார். விட்ட பிறகுதான் அவர் கண் அவள் தோளில் போய் நின்றது. "டீச்சர், அவசரத்துல சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்துட்டீங்க."

"திருப்பித்தான் சார் தைச்சிருக்கு. எங்க அண்ணி தைச்சது," என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு டீச்சர் வண்டிக்குப் போனாள். அந்தப் பெண் ஏற்கெனவே ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதுகு பட்ட இடத்தில் ஒரு முறை எரிந்து அடங்கும்வரை மூச்சைப் பிடித்திருந்து, கதவைச் சாத்தினாள்.

"சரி, கண்ணாடியைப் பாரு. பின்னால யாரும் இல்லையே? எடு."